பத்தாயிரம் ரூபாயோடு முடியாத வழக்கு

குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டவர்களிடம் ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. நீதிமன்றத்தில் பத்தாயிரம் ரூபாய் கட்டினோம், ரசீது வாங்கினோம், விஷயம் தீர்ந்தது என்பதே அது. சில மாதம் கழித்து இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது பிரீமியம் ஒரு ரூபாய்கூட ஏறாமல் இருந்தால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்படும். இணையத்தில் தேடிப் பார்த்தவர்களுக்கு வேறு வகைக் குழப்பம். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகள். பிரிட்டனில் இந்தக் குற்றத்துக்கான குறியீடு லைசென்ஸில் 11 ஆண்டுகள் நிற்கும், கலிஃபோர்னியாவில் 10 ஆண்டுகள் பதிவில் இருக்கும், பிரீமியம் பல மடங்கு எகிறும் என்று படித்துவிட்டு, நம் ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லையே என்று நிம்மதி அடைகிறார்கள். இந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. இந்தியாவில் இந்தக் குற்றத்தின் விலை பிரீமியம் கட்டும் நாளில் தெரியாது, கிளைம் கேட்கும் நாளில்தான் தெரியும். பிரீமியம் உயர்ந்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் போகும். கிளைம் மறுக்கப்பட்டால் காரோ வீடோ போகலாம். இந்த அத்தியாயம் அந்த வேறுபாட்டைப் பற்றியது.

முதலில் வழக்கைப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185இன்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 15,000 ரூபாய், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி சிக்கினால்தான் 'இரண்டாம் முறை' என்று கணக்கு. திருத்தத்தில் அந்த மூன்றாண்டு வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய வழக்கு காலாவதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹெல்மெட் போடாதது, சிக்னலைத் தாண்டியது போல இதைச் சாலையிலேயே இணக்கக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ள முடியாது. இணக்கம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் பிரிவு 185 இல்லை. எனவே வழக்கு நீதிமன்றம் போயே தீரும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டுவது வெறும் அபராதம் செலுத்துவது போலத் தோன்றினாலும், சட்டத்தின் கண்ணில் அது ஒரு குற்றவியல் தண்டனை. கூட உட்கார்ந்து வந்தவரும் தப்பியதாக நினைக்க வேண்டாம். இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது பிரிவு 188. சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2022இல் இதைக் கையில் எடுத்தபோது பலர் அதிர்ந்தார்கள், ஆனால் அந்தப் பிரிவு முன்பே இருந்ததுதான்.

அடுத்தது லைசென்ஸ். இங்கே இரண்டு கதவுகள் தனித்தனியாகத் திறக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, போலீஸ் வழியாக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும் வழி. 2019 திருத்தத்தின்படி, குடித்து ஓட்டியவரின் லைசென்ஸைக் காவல் அதிகாரி பறிமுதல் செய்து உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அந்த அதிகாரி உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம், மறுமுறைக்கு லைசென்ஸையே ரத்து செய்யலாம். ரத்தானவரின் பெயரைப் பொதுவெளியில் வெளியிடவும் சட்டம் இடம் தருகிறது. இரண்டாவது வழி நீதிமன்றம். பிரிவு 185இல் தண்டனை கொடுக்கும் நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதம் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்று பிரிவு 20 சொல்கிறது. ஆர்.டி.ஓ. தரும் மூன்று மாதமும் நீதிமன்றம் தரும் ஆறு மாதமும் ஒன்றல்ல. ஒன்று முடிந்துவிட்டது என்று மற்றொன்று முடிந்ததாகக் கொள்ள முடியாது. ஆர்.டி.ஓ. எடுத்துவைத்த லைசென்ஸ் காலம் முடிந்ததும் தானாகக் கைக்கு வருவதும் கிடையாது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தவருக்குத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

தகுதி நீக்கத்தின் விவரம் லைசென்ஸில் குறிக்கப்படும். இதை மேற்குறிப்பு என்பார்கள். தொலைந்துபோனது என்று சொல்லி நகல் லைசென்ஸ் வாங்கினாலும் குறிப்பு புதியதற்கும் மாறிவிடும். வேறொரு மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ முகவரி மாற்றினாலும் பயனில்லை. உரிமங்களின் பதிவு இப்போது 'சாரதி' தரவுத்தளத்தில் ஒரே இடத்தில் இருக்கிறது. கடைசிக் குறிப்புக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வேறு குறிப்பு எதுவும் விழாமல் இருந்தால், குறிப்பில்லாத புது லைசென்ஸ் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த மூன்றாண்டுக் கணக்கில் தகுதி நீக்கத்தில் இருந்த மாதங்கள் சேராது. ஆறு மாதம் நீக்கம் என்றால் நடைமுறையில் மூன்றரை ஆண்டு.

இனி பிரீமியம் ஏன் ஏறவில்லை என்பதைப் பார்ப்போம். நாம் கட்டும் தொகை இரண்டு பகுதி கொண்டது. தேர்ட் பார்ட்டி எனப்படும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கான கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எஞ்சினின் அளவைப் பார்க்கும் அந்தப் பட்டியலுக்கு ஓட்டுபவர் யார் என்பது தெரியாது. மற்றொரு பகுதி சொந்தச் சேதம், அதாவது நம் வண்டிக்கே ஏற்படும் இழப்புக்கானது. அதில் வண்டியின் மதிப்பு, வயது, பதிவான ஊர் ஆகியவற்றோடு நோ கிளைம் போனஸும் கணக்கில் வரும். ஒரு ஆண்டு கிளைம் கேட்காமல் இருந்தால் 20 சதவீதம், ஐந்து ஆண்டு தொடர்ந்தால் 50 சதவீதம் என்று ஏறும் தள்ளுபடி இது. பெயரைக் கேட்டால் நல்ல ஓட்டுநருக்கான பரிசு போலத் தோன்றும். அது பார்ப்பது கிளைம் கேட்டீர்களா இல்லையா என்பதை மட்டுமே. நான்கு முறை குடித்து ஓட்டிப் பிடிபட்டு ஒருமுறைகூட மோதாதவருக்கு முழுத் தள்ளுபடி கிடைக்கும். பார்க்கிங்கில் யாரோ உரசிவிட்டுப் போனதற்குக் கிளைம் கேட்ட ஒழுக்கமான ஓட்டுநர் அதை இழப்பார். வேடிக்கையான ஏற்பாடுதான்.

இதைச் சரிசெய்ய முயற்சி நடந்திருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த பணிக்குழு 2021 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், போக்குவரத்து விதிமீறல்களுக்குப் புள்ளி போட்டு அதற்கேற்பத் தனிப் பிரீமியம் வசூலிக்கலாம் என்று பரிந்துரைத்தது. தவறான இடத்தில் நிறுத்துவதற்கு 10 புள்ளி, குடித்து ஓட்டுவதற்கு எல்லாவற்றிலும் அதிகமாக 100 புள்ளி. தில்லியில் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்றது அறிக்கை. அது பரிந்துரை அளவில் வைக்கப்பட்டது. நாளைக்கே நடைமுறைக்கு வந்தாலும் வியப்பில்லை, ஏனென்றால் செலான், லைசென்ஸ், வாகனப் பதிவு மூன்றும் கணினியில் ஏறிவிட்டன. ஆனால் நான் சொல்ல வருவது, அப்படி வந்தால்கூட அது சிறிய விஷயம் என்பதுதான். பெரிய விஷயம் ஏற்கனவே உங்கள் பாலிசியில் அச்சாகி இருக்கிறது.

பாலிசியின் சொந்தச் சேதப் பகுதியைத் திறந்து விலக்குகள் என்ற தலைப்பைத் தேடுங்கள். எந்த நிறுவனத்தின் பாலிசியானாலும் ஒரே சாரத்தில் ஒரு வரி இருக்கும்: காப்பீடு செய்தவரோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு ஓட்டும் வேறு எவருமோ மதுவின் அல்லது போதைப் பொருளின் தாக்கத்தில் இருக்கும்போது ஏற்படும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் இதே விலக்கு உண்டு. குடித்திருந்த நிலையில் உரிமையாளர் இறந்தால் குடும்பத்துக்கு அந்தப் பணமும் கிடைக்காமல் போகலாம். கவனிக்க வேண்டியது, இந்த வரியில் 30 மில்லிகிராம் என்ற அளவு எங்கும் இல்லை. 'தாக்கத்தில்' என்று மட்டுமே இருக்கிறது.

அந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் இஃப்கோ டோக்கியோ நிறுவனத்துக்கும் பேர்ல் பீவரேஜஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. 2007 டிசம்பரில் ஒரு போர்ஷே கார் தில்லி இந்தியா கேட் அருகே அதிகாலையில் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்து முற்றிலும் நாசமானது. ஓட்டியவருக்கு ஊதிப் பார்க்கும் சோதனையும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. மருத்துவ அறிக்கையில் மது வாடை இருந்தது என்ற குறிப்பு மட்டும் இருந்தது. மாநில நுகர்வோர் ஆணையம் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பக்கம் நின்றது. தேசிய ஆணையம் அதைப் புரட்டி, அளவு நிரூபிக்கப்படாதபோது கிளைமை மறுக்க முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் தேசிய ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. பிரிவு 185 ஒரு குற்றவியல் வழக்குக்கான அளவுகோல், பாலிசி விலக்கு ஓர் ஒப்பந்தத்தின் நிபந்தனை, முன்னதில் வேண்டிய நிரூபணம் பின்னதில் வேண்டியதில்லை என்பது அதன் நிலைப்பாடு. சோதனை நடக்காமல் போனால் வேறு ஆதாரங்களைக் கொண்டு நிறுவனம் தன் வாதத்தை நிறுவலாம். அகலமான சாலை, அதிகாலை நேரம், வண்டி கட்டுப்பாடு இழந்ததற்கு வேறு விளக்கம் எதுவும் தராதது ஆகியவற்றை மது வாடையோடு சேர்த்து நீதிமன்றம் எடைபோட்டது. அதே தீர்ப்பில் மறுபக்கமும் உண்டு. குடிக்கவே இல்லை என்று பரிசோதனை காட்டினால் நிறுவனம் இந்த விலக்கைத் தூக்கிப் பிடிக்க முடியாது. நிரூபிக்கும் சுமையும் நிறுவனத்தின் மேல்தான்.

இதிலிருந்து எழும் முதல் மறுப்பு, 'நான் ஒரே ஒரு பீர்தான் குடித்தேன், கருவியில் அளவுக்குக் கீழே காட்டியது' என்பது. குற்றவியல் வழக்கிலிருந்து தப்ப அது போதும். கிளைமுக்கு அது பலமான ஆதாரம்தான், ஆனால் நிறுவனம் வாதத்தைக் கைவிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதிலிருந்து தானாக வராது. இன்னொரு மறுப்பு எதிர்த்திசையில் வரும்: சோதனையே இல்லாமல் மறுக்கலாம் என்றால் தண்டனை பெற்றதால் கூடுதலாக என்ன கெட்டுப்போகிறது? நிறையக் கெட்டுப்போகிறது. விபத்தோடு சேர்ந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், நிறுவனம் சிரமப்பட்டு நிறுவ வேண்டியதை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். சர்வேயர் வண்டியை மதிப்பிட வருவதற்கு முன்பே கிளைம் தோற்றுவிடுகிறது. ஒரு நாள் வேலை கெடுகிறதே என்று விவரம் கேட்காமல் ஒப்புக்கொள்பவர்கள் இதை யோசிப்பதில்லை. விபத்து நடந்த வழக்கு என்றால் ஒப்புக்கொள்வதற்கு முன் வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது அவசியம். உண்மையில் குடிக்கவில்லை, கருவி தவறாகக் காட்டியது என்றால் அங்கேயே ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பின்னால் நூறு வாதம் பேசுவதைவிட ஒரு பரிசோதனை அறிக்கை வலிமையானது.

மூன்றாம் தரப்பு விஷயத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. மோதப்பட்டவரின் இழப்பீட்டை எப்படியும் இன்சூரன்ஸ் கொடுத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி உண்மை. முன்பு சட்டத்தில் நிறுவனம் எழுப்பக்கூடிய தற்காப்புகளில் லைசென்ஸ் இல்லாதது, தகுதி நீக்கத்தில் இருப்பது போன்றவையே இருந்தன. 2019 திருத்தம் பிரிவு 150இல் பிரிவு 185இன் கீழ் வரும் குடிபோதையையும் அந்த வரிசையில் சேர்த்தது, அந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் தெருவில் நிற்கக் கூடாது என்பதால் நீதிமன்றங்கள் 'முதலில் கொடு, பிறகு வசூலித்துக்கொள்' என்ற வழியைக் கையாண்டுவருகின்றன. குடித்திருந்த ஓட்டுநர் சம்பந்தப்பட்ட வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. நிறுவனம் இழப்பீட்டை வழங்க வேண்டும், பிறகு அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். வசூலிக்கத் தனி வழக்கு போட வேண்டியதில்லை, அதே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டாலே போதும் என்று இப்படிப்பட்ட வசூல் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. நிறுவனம் முழுமையாக விடுவிக்கப்பட்டாலும் சரி, கொடுத்துவிட்டு வசூலித்தாலும் சரி, கடைசிக் கணக்கு உரிமையாளர் தலையில். சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்தால் இழப்பீடு பல லட்சங்களில், சில நேரம் கோடியில் போகும். 3,416 ரூபாய் கட்டி வாங்கிய பாதுகாப்பு இந்த இடத்தில் ஓட்டைக் குடையாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து தகுதி நீக்கக் காலம். பாலிசியில் ஓட்டுநர் பற்றிய நிபந்தனை ஒன்று இருக்கும்: விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், தகுதி நீக்கம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அந்த ஆறு மாதத்தில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல், விதியை மீறாமல் ஓட்டினாலும், பின்னால் வந்த லாரி இடித்தாலும், சொந்தச் சேதக் கிளைமை நிறுவனம் மறுக்க முடியும். மூன்றாம் தரப்புக்கும் மேலே சொன்ன கதைதான். போதாக்குறைக்குத் தகுதி நீக்கத்தில் இருக்கும்போது ஓட்டுவது பிரிவு 182இல் தனிக் குற்றம், மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம். தண்டனையால் இன்சூரன்ஸ் பாதிக்கப்படுவதில்லை என்பவர்கள் இந்தத் தொடரைப் பார்ப்பதில்லை: தண்டனை லைசென்ஸை முடக்குகிறது, முடங்கிய லைசென்ஸ் பாலிசியை முடக்குகிறது. பிரீமியம் மட்டும் முன்போல முழுதாகப் போய்க்கொண்டிருக்கும்.

வருஷக்கணக்கில் பிரீமியம் வாங்கிவிட்டுக் கஷ்டம் வரும்போது கைவிரிப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், சில கிளைம்களில் நிறுவனங்கள் வாடை வந்தது என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அளவுக்கு மீறி இழுப்பதும் உண்மைதான். அப்படிப்பட்ட மறுப்பை ஓம்புட்ஸ்மனிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் எதிர்க்கலாம், எதிர்க்க வேண்டும். ஆனால் விலக்கு என்ற கொள்கையையே தவறென்று சொல்வது கடினம். எல்லாரும் போட்ட பணத்திலிருந்துதான் கிளைம் கொடுக்கப்படுகிறது. நிதானமாக ஓட்டும் ஒருவரின் பணத்தை, தெரிந்தே குடித்துவிட்டுச் சாவியை எடுத்தவரின் கார் ரிப்பேருக்குத் தருவது எந்த விதத்தில் நியாயம்? பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடு என்ற ஏற்பாடு இருப்பதால், விலக்கின் சுமை பெரும்பாலும் குடித்து ஓட்டியவர் பக்கமே இறங்குகிறது. என் பார்வையில் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. வண்டியை இரவல் கொடுத்த உரிமையாளர், ஓட்டியவர் குடித்திருந்தார் என்று தெரியாமலே சிக்கிக்கொள்கிறார். பாலிசியின் வாசகம் ஓட்டுவதற்கான சம்மதத்தைக் கேட்கிறது, குடித்ததற்கான சம்மதத்தை அல்ல. இந்த இடத்தில் சட்டம் இன்னும் தெளிவாகலாம்.

தண்டனை விழுந்துவிட்டது என்றால் செய்ய வேண்டியவை உண்டு. முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் படியுங்கள். தகுதி நீக்கம் இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது அதில்தான் தெரியும். அபராத ரசீது அதைச் சொல்லாது. ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தால் பதில் கொடுங்கள், விளக்கம் சொல்லும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். பரிவாஹன் தளத்தில் உங்கள் லைசென்ஸின் நிலையைப் பார்த்து, காலம் முடிந்த பிறகும் முடக்கம் நீங்காமல் இருந்தால் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துச் சரிசெய்யுங்கள். நீக்கக் காலத்தில் காரை நிறுத்தி வைத்தாலும் பாலிசியைக் காலாவதியாக விடாதீர்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள மனைவியோ தம்பியோ ஓட்டினால் காப்பீடு முழுமையாக இருக்கும். பாலிசியை நிறுவனம் மாற்றி எடுக்கும்போது முன்மொழிவுப் படிவத்தில் ஓட்டுநர் தண்டனை பெற்றிருக்கிறாரா, வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள். ஏஜென்ட் 'இல்லை' என்று டிக் போட்டுவிடுவார், கையெழுத்து உங்களுடையது. உண்மையை மறைத்து வாங்கிய பாலிசியைச் செல்லாது என்று நிறுவனம் வாதிட முடியும். மறைக்காமல் எழுதினால் அதிகபட்சம் கொஞ்சம் கூடுதல் கேள்வி வரும்.

ஓட்டுவதே பிழைப்பு என்பவர்களுக்குக் கணக்கு வேறு. செயலி வழி டாக்சி நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கடந்த ஏழு ஆண்டுகளில் குடித்து ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றவரை ஓட்டுநராகச் சேர்க்கக் கூடாது என்று இருந்தது. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்களும் இதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவர் குடித்து மோதினால் வசூல் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். வேலைக்குச் சேர்க்கும்போது லைசென்ஸை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் போதாது. எண்ணைத் தளத்தில் போட்டு அது நடப்பில் உள்ளதா, முடக்கப்பட்டதா என்று பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பாருங்கள், பார்த்த தேதியோடு பிரின்ட் எடுத்து ஆர்.சி. புத்தக நகலோடு சேர்த்து வையுங்கள்.